புது டீச்சருக்கு எந்த வகுப்பைக் கொடுக்கப் போகிறீர்கள்? – ஒன்றியப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

பணி ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு புதிய இடைநிலை ஆசிரியர் ஒருவர் உங்கள் பள்ளி வாசலில் வந்து நிற்கிறார். பணியேற்பு அறிக்கையை எழுதி வாங்கிக்கொண்ட கையோடு நீங்கள் ஒரு முடிவு எடுக்கிறீர்கள்: அவருக்கு எந்த வகுப்பு? அந்த முடிவும், அடுத்த மூன்று ஆண்டுகளில் அவரைப் பற்றி நீங்கள் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகளும்தான் அவர் எப்படிப்பட்ட ஆசிரியர் ஆகிறார் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. நியமனம், ஊதியம், இடமாறுதல் பற்றி இயக்குநரகத்துக்கு எழுத வேண்டியவை வேறு. இந்த மடலில் கேட்பவற்றுக்கு அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். உங்கள் மேசையிலேயே முடிந்துவிடும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறோம்.

வருகிறவர் ஒன்றும் தெரியாதவர் அல்லர். இரண்டு ஆண்டு பட்டயப் பயிற்சி முடித்தவர். தகுதித் தேர்வில் 150 கொள்குறி வினாக்களைக் கடந்தவர். அதற்கு மேல் போட்டித் தேர்வும் எழுதித் தேறியவர். பயிற்சிக் காலத்தில் பள்ளிகளுக்குப் போய்ப் பாடமும் நடத்தியிருக்கிறார். ஆனால் அது இன்னொருவர் பழக்கி வைத்த வகுப்பு. பிள்ளைகளை வரிசையில் உட்காரப் பழக்கியதும் நோட்டுக்கு அட்டை போட வைத்ததும் வேறு யாரோ. அதே இருபத்தெட்டுப் பிள்ளைகளை ஜூன் முதல் ஏப்ரல் வரை தன் பொறுப்பில் வைத்திருந்து, கற்றதில் எது நின்றது, எது நழுவியது என்று பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்ததில்லை. ‘கொக்கு’ என்பதை ஒரு பிள்ளை ‘கெரக்கு’ என்று வாசித்தால் அடுத்த நிமிடம் என்ன செய்வது என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை. அதைப் பள்ளிதான் கற்றுத்தர வேண்டும். நடைமுறையில் யார் கற்றுத் தருகிறார்கள் என்பதுதான் எங்கள் கவலை.

வகுப்பிலிருந்தே தொடங்குவோம். பல பள்ளிகளில் மூத்தவர்கள் தங்கள் வகுப்பை முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். மிஞ்சியது புதியவருக்கு. மிஞ்சுவது பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பு, அல்லது ஒன்று, இரண்டு, மூன்று சேர்ந்த அறை. தொடக்கப் பள்ளியிலேயே கடினமான வேலை அதுதான். அம்மாவை விட்டு வந்து அழும் பிள்ளை, பென்சில் பிடிக்கத் தெரியாத பிள்ளை, எழுத்தே அறியாத பிள்ளை, சரளமாக வாசிக்கும் பிள்ளை என்று எல்லாரும் ஒரே அறையில் இருப்பார்கள். சின்ன வகுப்புகளில் எழுத்தறிவையும் எண்ணறிவையும் உறுதிசெய்ய அரசு நடத்தும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் மூன்று வகுப்புகள் மட்டுமல்ல, கற்றலில் அரும்பு, மொட்டு, மலர் என்று படிப்படியாக ஏறும் மூன்று நிலைகளும் அந்த ஒரே அறைக்குள்தான். ஒரு குழுவோடு உட்கார்ந்திருக்கும்போது மற்ற இரண்டு குழுக்களும் தாமாக வேலை செய்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தை உண்டாக்கவே அனுபவம் உள்ளவருக்கு ஆறு வாரம் ஆகும். புதியவரிடம் இதைக் கொடுத்தால் அவர் கற்றுக்கொள்வது கற்பித்தலை அல்ல, ஒவ்வொரு நாளையும் எப்படியாவது ஓட்டுவதை.

‘புதுசா படிச்சிட்டு வந்தவங்க, பாட்டு, கதை எல்லாம் நல்லா வரும், சின்னப் பிள்ளைங்களுக்குப் பொருத்தமா இருப்பாங்க’ என்று சொல்லப்படுவதை அறிவோம். பாட்டும் கதையும் வரும் என்பது உண்மைதான். ஆனால் ஒன்றாம் வகுப்பில் எழுத்தறிவு தவறினால் அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு வரை அந்தப் பள்ளத்தைச் சுமக்கிறது. அதை ஒருவரின் முதல் ஆண்டுப் பயிற்சிக் களமாக ஆக்கக் கூடாது.

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். அப்படி ஈராசிரியர் பள்ளி என்றால் ஒன்று முதல் மூன்று வரை நீங்களே எடுங்கள். நான்கு, ஐந்தைப் புதியவரிடம் கொடுங்கள். அலுவலக வேலையோடு சின்ன வகுப்பும் சேர்ந்தால் உங்களுக்குச் சுமைதான், மறுக்கவில்லை. ஓராண்டுக்கு மட்டும் கேட்கிறோம். ஆசிரியர் கூடுதலாக உள்ள பள்ளியில் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ, ஒரே வகுப்பாகக் கொடுங்கள். எதைக் கொடுத்தாலும் இரண்டு ஆண்டாவது மாற்றாதீர்கள். முதல் ஆண்டில் செய்த அட்டைகள், தயாரித்த வினாக்கள், எந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள் என்ற அறிவு, இவையெல்லாம் பலன் தருவது இரண்டாம் ஆண்டில், அதே பாடத்தை மறுபடி நடத்தும்போது. ஜூன் மாதம் வகுப்பை மாற்றிவிட்டால் அத்தனையும் அலமாரிக்குப் போய்விடும். அவர் மறுபடி முதல் பாடத்திலிருந்து தயாரிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது பதிவேடுகளும் செயலியும். இளையவர், கைப்பேசி நன்றாகத் தெரிந்தவர் என்ற ஒரே காரணத்தால், பள்ளி விவரங்களை அரசுக்குப் பதிவேற்றும் எமிஸ் செயலியின் வேலை முழுவதும் அவர் தலையில் விழுகிறது. வருகைப் பதிவு, பாடநூல், சீருடை, காலணி வழங்கிய விவரம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்ட விவரம், திடீரென்று ‘இன்று மாலைக்குள்’ என்று கேட்கப்படும் புள்ளிவிவரம் என்று எல்லாமே அவர் கைக்குப் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 40 நிமிடம் இதில் போனால், சட்டம் சொல்லும் 200 வேலை நாளில் 8,000 நிமிடம், அதாவது 133 மணி நேரம். ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு அதே சட்டம் சொல்லும் கற்பித்தல் நேரம் ஆண்டுக்கு 800 மணி. ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. அதுவும் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் காலை நேரத்தில்.

முதல் ஆண்டில் அவருடைய வகுப்பின் வருகையும் அவருடைய வகுப்பின் பதிவுகளும் மட்டும் அவரிடம் இருக்கட்டும். செயலியில் அவருக்குக் கைத்திறன் இருந்தால், இரண்டு மாலை வேளை ஒதுக்கி மற்ற இருவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு மாதம் ஒருவர் என்று முறை வையுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு கல்விசாரா வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. அனுமதிக்கப்பட்ட அந்த வேலைகளுக்கும் பெயர்ப் பட்டியல் கேட்கும்போது முதல் ஆண்டு ஆசிரியரின் பெயரைக் கடைசியில் வையுங்கள்.

இனி வகுப்பறைக்குள் போவோம். புதியவர் முதல் சில வாரங்களில் செய்யும் தவறுகள் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். திறமைக் குறைவால் வருபவை அல்ல என்பதால் திருத்துவதும் எளிது. முதலாவது, குரல். பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கும்போதே அதற்கு மேல் குரலை உயர்த்தித் தொடங்குவார். பிள்ளைகளும் அதற்கு ஏற்பச் சத்தத்தைக் கூட்டுவார்கள். ஜூலையில் தொண்டை கட்டிவிடும். ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: மூன்று கைத்தட்டு, பிள்ளைகள் இரண்டு தட்டித் திருப்பித் தர வேண்டும். பிறகு அமைதி வரும்வரை வாய் திறக்கக் கூடாது. முதல் வாரம் இதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம்கூடப் பிடிக்கும். பொறுத்துக்கொண்டால் மூன்றாம் வாரத்தில் ஐந்து நொடி போதும். இடையில் பொறுமை இழந்து ஒருமுறை கத்திவிட்டால், கைத்தட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, கத்தலுக்குக் காத்திருந்தால் போதும் என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

இரண்டாவது, கட்டளைகள். ‘எல்லாரும் கணக்கு நோட்டை எடுங்க, தேதி போடுங்க, புத்தகத்துல 42ஆம் பக்கத்தைத் திறந்து மூணாவது கணக்கைப் போடுங்க.’ ஒரே மூச்சில் நான்கு வேலை. ஏழு வயதுப் பிள்ளையிடம் அதில் முதல் வேலையோ கடைசி வேலையோதான் நிற்கும். உடனே ‘டீச்சர், எத்தனாவது பக்கம்?’ என்று பத்துக் குரல் எழும். ஆசிரியர் எரிச்சலடைவார், பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று நினைப்பார். ஒன்றைச் சொல்லி, எல்லாரும் முடித்ததைக் கண்ணால் பார்த்து, பிறகு அடுத்ததைச் சொல்ல வேண்டும். சொல்லும்போது நடக்கக் கூடாது. பக்க எண்ணைப் பலகையிலும் எழுத வேண்டும்.

மூன்றாவது, நோட்டு விநியோகம் மாதிரியான சில்லறை வேலைகள். இருபத்தைந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து நோட்டுக் கொடுத்தால் ஆளுக்கு 12 நொடி, மொத்தம் 5 நிமிடம். வரிசைக்கு ஒருவர் வந்து வாங்கிப் போனால் ஒரு நிமிடம். நாளைக்கு இருமுறை நான்கு நிமிடம் மிச்சம் என்றால் 200 நாளில் 26 மணி நேரத்துக்கு மேல். இதைப் பயிற்சி நிறுவனத்தில் யாரும் சொல்லித் தரமாட்டார்கள். பக்கத்து வகுப்பு அக்காதான் சொல்ல வேண்டும்.

பக்கத்து வகுப்பிலிருந்து அதற்குப் பதில் வேறொரு அறிவுரை வருவதும் உண்டு: ‘ஒரு பிரம்பு வாங்கி வெச்சுக்கோங்க, இல்லாட்டி அடங்க மாட்டாங்க.’ புதியவருக்குத் தரப்படும் அறிவுரைகளிலேயே மிகக் கெட்டது இது. உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. இதில் விவாதத்துக்கே இடமில்லை. அதோடு, வகுப்பை ஒழுங்குபடுத்தும் திறன் வளர வேண்டிய மாதங்களில் பிரம்பு கைக்கு வந்துவிட்டால் அந்தத் திறன் பிறகு வளர்வதே இல்லை. உங்கள் பள்ளியில் பிரம்பு எங்காவது சாத்தி வைக்கப்பட்டிருந்தால், புதியவர் வருவதற்கு முன் அதை அப்புறப்படுத்துங்கள்.

‘புரிஞ்சுதா?’ என்ற கேள்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது குரலில் ‘புரிஞ்சுது டீச்சர்’ வரும். பாடம் நகர்ந்துவிடும். அந்தப் பதிலால் எதுவும் தெரியாது. வினா கேட்டதும் முன் வரிசையில் நான்கு கை உயரும், அவர்களில் ஒருவர் பதில் சொல்வார், பாடம் மறுபடி நகரும். 1970களில் அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் வினாவுக்குப் பின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடிக்கு நீட்டினாலே நீளமான பதில்களும், வழக்கமாகப் பேசாத பிள்ளைகளின் பதில்களும் வருகின்றன என்றும் கண்டார். மூன்று நொடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது. வகுப்பின் முன் நின்றுகொண்டு மௌனமாக இருப்பவருக்கு அது மிக நீளம். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணச் சொல்லுங்கள். ஐஸ் குச்சிகளில் பிள்ளைகளின் பெயரை எழுதி டப்பாவில் போட்டு, வினாவைச் சொல்லி, மூன்று எண்ணி, பிறகு ஒரு குச்சியை எடுக்கலாம். பெயரை முதலில் சொல்லிவிட்டு வினாவைக் கேட்டால் மற்ற இருபத்தேழு பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். அதனால் இந்த வரிசை மாறக் கூடாது. கணக்குப் பாடத்தில் இன்னும் நல்லது சிலேட்டு. எல்லாரும் எழுதி ஒரே நேரத்தில் உயர்த்திக் காட்டினால் யாருக்கு வரவில்லை என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இவையெல்லாம் முதல் ஆண்டு வேலை. வகுப்பு ஓரளவு அடங்கி, நேரம் கைக்கு வந்த பிறகுதான் ஆசிரியரின் கண் தன்னை விட்டுப் பிள்ளையின் மேல் திரும்புகிறது. அங்கேதான் உண்மையான வளர்ச்சி தொடங்குகிறது. பிள்ளையின் தவறைப் படிக்கக் கற்பதைத்தான் சொல்கிறோம்.

மேலே சொன்ன ‘கெரக்கு’வை எடுத்துக்கொள்ளுங்கள். புதியவர் என்ன செய்வார்? ‘தப்பு. கொக்கு. எங்க, சொல்லு.’ பிள்ளை ‘கொக்கு’ என்று சொல்லும். மறுநாள் ‘கொடி’யை ‘கெரடி’ என்று வாசிக்கும். பிள்ளை ஞாபகமில்லாமல் வாசிக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் அந்தப் பிள்ளை மிக ஒழுங்காக, இடமிருந்து வலமாக, கண்ணில் பட்டதை எல்லாம் வாசிக்கிறது. கொம்பும் ககரமும் சேர்ந்தால் ‘கெ’ என்று அதற்குத் தெரியும். அடுத்து நிற்கும் துணைக்கால், ரகரம் மாதிரி இருக்கிறது. அதை ‘ர’ என்று வாசிக்கிறது. அதற்குத் தெரியாதவை இரண்டு: முன்னால் உள்ள கொம்பும் பின்னால் உள்ள காலும் சேர்ந்து ஒரே ஒலிக்குரிய குறி என்பது ஒன்று, காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடு இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகத்தான் சரிசெய்ய வேண்டும். முதல் இரண்டு நாள் காலையும் ரகரத்தையும் மட்டும் எடுத்து ‘காரம்’, ‘பாரம்’, ‘வாரம்’ என்று இரண்டும் அடுத்தடுத்து வரும் சொற்களை வாசிக்க விட்டு, காலுக்கு ஒரு வண்ணமும் ரகரத்துக்கு இன்னொரு வண்ணமும் தீட்டச் சொல்ல வேண்டும். அடுத்த மூன்று நாள், ஓர் அட்டையின் நடுவில் சதுரமாக ஓட்டை வெட்டி, அதன் இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் எழுதி, ஓட்டைக்குப் பின்னால் க, ச, ட, த, ப, ம என்று எழுத்துகளை நகர்த்த வேண்டும். காலை விரலால் மூடினால் ‘கெ’, திறந்தால் ‘கொ’. தினம் பத்து நிமிடம், ஐந்து நாள். அட்டைக்குச் செலவு ஒன்றுமில்லை. பழைய நோட்டின் பின்னட்டை போதும்.

கணக்கிலும் இப்படித்தான். 403இலிருந்து 168ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 365 என்று எழுதும். இன்னொரு பிள்ளை 145 என்று எழுதும். இரண்டுக்கும் ஒரே சிவப்புப் பெருக்கல் குறி விழும். முதல் பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது: எட்டில் மூன்று போக ஐந்து, ஆறில் பூஜ்யம் போக ஆறு, நான்கில் ஒன்று போக மூன்று. அதற்குக் கடன் வாங்குவது என்ற எண்ணமே இன்னும் பிடிபடவில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, 52இலிருந்து 27ஐ எடுக்கச் சொல்லி, இரண்டு குச்சியிலிருந்து ஏழை எடுக்க முடியாமல் அது தானாகக் கட்டைப் பிரிக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் பிள்ளை அதைக் கடந்துவிட்டது. பதின்மூன்றில் எட்டுப் போக ஐந்து என்று சரியாகப் போட்டிருக்கிறது. அந்தக் கடனை நேராக நூறின் இடத்திலிருந்து வாங்கியிருக்கிறது. பிறகு பத்தின் இடத்தில் பூஜ்யம் இருப்பதால் மறுபடி நூறிலிருந்து வாங்கி, பத்தில் ஆறு போக நான்கு என்று எழுதி, மிச்சமிருந்த இரண்டில் ஒன்றைக் கழித்திருக்கிறது. உடைத்த நூறு எங்கே போனது என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. குச்சி இதற்கு உதவாது. நூறு குச்சியை எண்ணுவதற்குள் பாடவேளை முடிந்துவிடும். விளையாட்டு ரூபாய்த் தாள்கள் வேண்டும். நான்கு நூறு ரூபாய்த் தாளும் மூன்று ஒரு ரூபாய் நாணயமும் கொடுத்து, 168 ரூபாய்க்குச் சாமான் வாங்கச் சொல்லுங்கள். ஒரு நூறை மாற்றினால் பத்துப் பத்து ரூபாய்த் தாள். அதில் ஒன்றை மாற்றினால் பத்து நாணயம். கையில் ஒன்பது பத்து ரூபாய்த் தாள் மிஞ்சுவதைப் பிள்ளை கண்ணால் பார்க்கும். பூஜ்யத்தின் தலையில் ஒன்பது எழுதுவது ஏன் என்பது அப்போது புரியும். ‘பூஜ்யம் வந்தா ஒன்பதாக்கு’ என்று விதியாகச் சொல்லிக் கொடுத்தால், தேவையில்லாத இடத்திலும் பூஜ்யத்தை ஒன்பதாக்கும் புதுத் தவறு வந்து சேரும்.

இந்த அளவுக்கு ஒரு தவறைப் பார்க்க நேரம் வேண்டும். இருபத்தெட்டுப் பிள்ளை, ஆளுக்கு மூன்று நோட்டு என்றால் நாளைக்கு 84 நோட்டு. நோட்டுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஒன்றரை மணி நேரம் நெருங்கும். அதனால்தான் சரிக்குறி மட்டும் விழுகிறது. அதற்குப் பதில், ஒரு நாளைக்கு ஏழு பிள்ளைகளின் ஒரு பாட நோட்டை மட்டும் ஆழமாகப் பார்த்து, கண்ட தவறுகளைத் தனி நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நான்கு நாளில் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். மற்ற நோட்டுகளில் விடையைப் பலகையில் எழுதி, பிள்ளைகளே சரிபார்த்துக்கொள்ளட்டும். இங்கே உங்கள் துணை அவசியம். சிவப்பு மை படாத பக்கத்தைக் கண்டால் குறை எழுதாதீர்கள். வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வரும்போது இந்த ஏற்பாட்டை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அந்தத் தவறு நோட்டை அவரிடம் காட்டுங்கள். புதியவர் தனியாக இதை விளக்கினால் சாக்குப்போக்காகத் தெரியும்.

பாடக்குறிப்பிலும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். முழுப் பக்கம் கேட்டால் கையேட்டைப் பார்த்து எழுதித்தான் தருவார். எழுதியவருக்கே அது பயன்படாது. நான்கு வரி போதும்: பாட முடிவில் பிள்ளை என்ன செய்ய வேண்டும், முதல் வினா என்ன, எங்கே தவறுவார்கள், கடைசி ஐந்து நிமிடத்தில் எப்படிச் சோதிப்பேன். பாடம் முடிந்தபின் அதன் கீழே இரண்டு வரி: எது நடந்தது, எது நடக்கவில்லை. எண்ணும் எழுத்தும் கையேடு நாள்வாரித் திட்டத்தையே தந்துவிடுவதால் புதியவருக்கு அது பெரிய பிடிமானம். அதில் உள்ள ஆபத்து, பிள்ளைகள் பாதிப் பேர் அரும்பு நிலையிலேயே நிற்க, தேதிப்படி பக்கங்கள் மட்டும் முடிந்துகொண்டு போவது. இரண்டு நாள் நின்று அதே பாடத்தை மறுபடி செய்ய அவருக்கு உங்கள் வாய்மொழி அனுமதி வேண்டும். கேட்கத் தயங்குவார். நீங்களாகக் கொடுங்கள்.

இப்போது வகுப்பு பார்ப்பதற்கு வருவோம். இதை ஒன்றை மட்டும் செய்தால்கூடப் போதும் என்று சொல்லும் அளவுக்கு எங்களுக்கு இதில் நம்பிக்கை உண்டு. மாதம் இருமுறை, 15 நிமிடம். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். எதைப் பார்ப்பது என்று இருவரும் பேசி ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள்: இந்த முறை வினாக்கள், அடுத்த முறை கட்டளைகள், அதற்கடுத்து பின் வரிசை. பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காராதீர்கள். பிள்ளைகளின் முகம் தெரியும்படி பக்கவாட்டில் உட்காருங்கள். தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் ஆசிரியர் சொன்னது, வலப்பக்கம் பிள்ளைகள் செய்தது. கருத்து எதுவும் எழுத வேண்டாம், கண்டதை மட்டும். வகுப்பின் நடுவில் எழுந்து திருத்தாதீர்கள். பிள்ளைகள் முன்னால் ஒருமுறை திருத்தப்பட்ட ஆசிரியர் பிறகு நீங்கள் வரும் நாளில் புதிதாக எதையும் முயன்று பார்க்கமாட்டார். அதே நாளில், பத்து நிமிடம், கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள்.

‘வகுப்பு நல்லா இருந்தது, எல்லாப் பிள்ளைங்களையும் கவனிங்க டீச்சர்’ என்பதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘டீச்சர், பதினஞ்சு நிமிஷத்துல 11 கேள்வி கேட்டீங்க. எட்டுக்கு முன் வரிசை நாலு பேர்தான் பதில் சொன்னாங்க. ஜன்னலோரம் இருக்கிற ஆறு பேர் ஒரு தடவைகூட வாயைத் திறக்கலை. உங்களுக்கு என்ன தோணுது?’ பிறகு நீங்கள் பேசாமல் இருங்கள். வழி பெரும்பாலும் அவரிடமிருந்தே வரும். வராவிட்டால் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள், எட்டு வேண்டாம். ஒரு வாரத்துக்குள் ஐந்து நிமிடம் போய், அந்த ஒன்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த மறுபார்வை இல்லாவிட்டால் முதல் பார்வை வீண். இந்தத் தாள்கள் மேற்பார்வைப் பதிவேட்டில் ஏறக் கூடாது, அவரிடமே கொடுத்துவிடுங்கள். பதிவேட்டில் ஏறும் என்று தெரிந்தால் உங்களுக்காக ஒரு பாடத்தைத் தனியே தயாரித்து வைத்திருப்பார்.

மாதம் ஒருமுறை அவரும் மூத்தவர் ஒருவரின் வகுப்பில் உட்காரட்டும், அந்த நேரம் அவர் வகுப்பை நீங்கள் பாருங்கள். ஈராசிரியர் பள்ளியில் இதற்கு ஆள் கிடைக்காது. அங்கே கைப்பேசியைச் சட்டைப் பையிலோ மேசையிலோ வைத்துப் பத்து நிமிடம் குரல் மட்டும் பதிவு செய்து, வீட்டில் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். மூன்றை எண்ணினால் போதும்: எத்தனை பிள்ளைகளின் பெயர் வந்தது, வினாவுக்குப் பின் எத்தனை நொடி விட்டார், பத்து நிமிடத்தில் தன் குரல் எவ்வளவு. கேட்டு முடித்ததும் அழித்துவிட வேண்டும். பிள்ளைகளின் குரல் எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போகக் கூடாது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டத்தில் புதியவர்களுக்கு மட்டும் நாற்பது நிமிடம் ஒதுக்கி, ஆளுக்கு ஒரு பிள்ளையின் நோட்டுப் பக்கத்தைக் கொண்டுவந்து தவறை அலசினால், சுற்றறிக்கை வாசிப்பதைவிட உருப்படியாக இருக்கும்.

தகுதிகாண் பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்றாண்டுக்குள் இரண்டாண்டுப் பணியை முடித்ததும், அந்தப் பருவம் முடிந்ததாக அறிவிக்கக் கருத்துரு அனுப்புகிறீர்கள். சான்றிதழ்களின் உண்மைத்தன்மைச் சான்று முதல் பணிப்பதிவேடு வரை எல்லாம் இணைக்கிறீர்கள். அவர் வகுப்பில் என்ன கற்றார் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இடமில்லை. கருத்துருவில் சேர்க்க வேண்டாம். ஆனால் கையெழுத்திடும் நாளில் அவரைக் கூப்பிட்டு, முதல் ஆண்டின் தவறு நோட்டையும் இரண்டாம் ஆண்டின் தவறு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் ‘வாசிக்கத் தெரியவில்லை’, ‘கழித்தல் வரவில்லை’ என்று இருக்கும். இரண்டாவதில் ‘காலை ரகரமாக வாசிக்கிறான்’, ‘பூஜ்யத்தைத் தாண்டிக் கடன் வாங்குகிறாள்’ என்று இருந்தால், உங்கள் பள்ளி அவரை வளர்த்திருக்கிறது. மூன்றாம் ஆண்டில் ஒன்று, இரண்டு, மூன்று சேர்ந்த அறையை அவரிடம் தயங்காமல் கொடுக்கலாம். அடுத்து வரும் புதியவரையும் அவரோடு சேர்த்துவிடலாம்.

வரும் ஜூனில் யாராவது உங்கள் பள்ளியில் சேர்ந்தால், அவர் வருவதற்கு முன்பே மேசையில் சிலவற்றை எடுத்து வையுங்கள்: பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், பெயருக்கு எதிரே வாசிப்பு நிலை; மூன்று பிள்ளைகளின் போன ஆண்டு நோட்டுகள்; கால அட்டவணை; அலமாரிச் சாவி. கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு பத்து நிமிடம் அவரோடு உட்காருங்கள். பதிவேடு எதையும் திறக்க வேண்டாம். ‘இன்னிக்கு எந்தப் பிள்ளை உங்க கண்ணுல நின்னுச்சு டீச்சர்?’ என்று மட்டும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒன்றியப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் சிலர்